குழலை அளந்து தோட்டா செய்வது: பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள்

இந்த அத்தியாயம் ஒரே ஒரு வகைத் துப்பாக்கியைப் பற்றியது. 1870களில் தொடங்கி முதல் உலகப்போர் வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் இலக்கு ரைஃபிள். வின்செஸ்டர் 1885, மார்லின் செய்த பாலார்டு, ஸ்டீவன்ஸ் 44½ ஆகிய மூன்றும்தான் இன்று சந்தையில் அதிகம் கண்ணில் படுகின்றன. வாங்குவதையும் தோட்டா செய்வதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குழலின் மேல் ".32-40" என்று பொறித்திருக்கும், உள்ளே இருக்கும் அளவோ துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அந்த அளவை நீங்களே எடுத்து, அதற்குப் பொருந்தும் குண்டை நீங்களே வார்த்தால்தான் நூற்றாண்டு பழைய ரைஃபிள் தன் திறமையைக் காட்டும். அளக்க முடியாத நிலையில் இருக்கும் துப்பாக்கியை வாங்காதீர்கள். அளக்காமல் தோட்டா செய்யாதீர்கள்.

முதலில் இந்த ரைஃபிள் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் அமெரிக்காவில் குடியேறியவர்கள் தங்கள் ஊர்களின் இலக்குச் சுடும் திருவிழாவைக் கூடவே கொண்டுவந்தார்கள். ஷூட்ஸன் என்று பெயர். 200 கஜத் தூரம். நின்றபடி, எதன் மேலும் சாயாமல் சுட வேண்டும். அதற்காகத்தான் கனத்த குழல், தோளில் கொக்கிபோல் மாட்டும் பின்தகடு, இடது உள்ளங்கை தாங்கும் கைப்பிடி, மயிரிழை அழுத்தத்தில் விடும் இரட்டை விசை எல்லாம். போட்டிக்காரர்களில் சிலர் குண்டைக் குழலின் வாய் வழியாக இறக்கி, மருந்து நிரப்பிய பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, பின்பக்கம் செருகிச் சுட்டார்கள். குண்டு நேராக இறங்குவதற்காகக் குழல் செய்யும்போதே அதன் நுனியை ஒரு துண்டாக வெட்டித் தனியாக எடுத்து வைப்பார்கள். பொய்வாய் என்று சொல்லலாம். குண்டு இறக்கும்போது அதை மாட்டி, சுடுமுன் கழற்றிவிட வேண்டும்.

இந்த வேலையில் தலைசிறந்தவர் ஹாரி போப். 1861இல் பிறந்தவர், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் குழல் வெட்டத் தொடங்கி, பிறகு ஜெர்சி சிட்டியில் நெடுங்காலம் பட்டறை வைத்திருந்து, 1950இல் மறைந்தார். குண்டைச் சுழலவைக்கும் புரியில் எட்டுப் பள்ளங்கள், இடப்பக்கச் சுழற்சி, வாய்க்குப் போகப்போக இறுகும் முறுக்கு: இவை அவருடைய அடையாளம். கொலராடோவின் சி. டபிள்யூ. ரோலண்ட் 1901இல் போப் குழல் ஒன்றால், மேசைமேல் தாங்குகோல் வைத்து, 200 கஜத்தில் பத்துக் குண்டுகளை முக்கால் அங்குலத்துக்குள் போட்டார். கருவிகள் எல்லாம் மாறிவிட்ட இன்றைக்கும் அது பெரிய காரியம். ஈயக் குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 1,400 அடி வேகம், இவ்வளவுதான் கையில்.

எதை வாங்குவது

வின்செஸ்டர் 1885 ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு. அவர் 1879இல் காப்புரிமை பெற்றார். வின்செஸ்டர் 1883இல் உரிமையை வாங்கி, 1885 முதல் 1920 வரை செய்தது. இதில் உயர்சுவர், தாழ்சுவர் என்று இரண்டு உடல்கள் உண்டு. பக்கவாட்டுச் சுவர் எழும்பி, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் அடைப்புக் கட்டையை மூடியபடி இருந்தால் உயர்சுவர். பக்கத்திலிருந்து பார்க்கும்போது கட்டையின் மேற்பகுதி வெளியே தெரிந்தால் தாழ்சுவர். இந்த அத்தியாயத்தில் சொல்லும் .32-40, .38-55 போன்ற தோட்டாக்களுக்கு உயர்சுவரைத் தேடுங்கள். தாழ்சுவர் சிறிய, மென்மையான தோட்டாக்களுக்கானது.

பாலார்டு அதைவிட மூத்தது. சார்லஸ் பாலார்டு 1861இல் காப்புரிமை எடுத்த அமைப்பை மார்லின் 1875இல் ஏற்றுக்கொண்டு 1891 வரை செய்தார். இதன் விசை மிக இனியது. பழைய போட்டிக்காரர்கள் இதை விரும்பியதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் மலிவான பாலார்டுகளின் உடல் வார்ப்பு. உயர்ந்த வகைகளில் மட்டும்தான் அடித்து வடித்த உருக்கு. வார்ப்பு உடல் என்றால் கருமருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டீவன்ஸிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 44 என்பதும் 44½ என்பதும் பெயரில்தான் நெருக்கம். 44½ செங்குத்தாக இறங்கும் அடைப்புக் கட்டை கொண்டது, பலமானது. 1903 வாக்கில் வந்து 1916இல் நின்றது. 44 அச்சில் ஆடும் கட்டை கொண்ட பலவீனமான உடல். விற்பவர் இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் பொறுமையாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் துப்பாக்கிகள் குறைவு. பல உயர்சுவர்கள் பிற்காலத்தில் வேறு குழல் மாட்டப்பட்டு, சிறு விலங்கு வேட்டைக்கான வேகத் தோட்டாக்களுக்கு மாற்றப்பட்டன. சிலவற்றில் பழைய குழலுக்குள் புதிய உட்குழல் செருகியிருக்கும். இவற்றில் குறையொன்றுமில்லை, சுடுவதற்கு நல்ல துப்பாக்கி கிடைத்தால் போதும் என்பவருக்கு இது மலிவான வழி. ஆனால் விலை அசல் என்று சொல்லி வாங்கப்படுகிறதா என்று பாருங்கள். வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவு இருக்கும் எண்களுக்கு, அந்தத் துப்பாக்கி எந்தக் குழலோடும் விசையோடும் கிடங்கிலிருந்து கிளம்பியது என்று கடிதம் தருவார்கள். பெரிய தொகை கொடுக்கும்முன் அந்தக் கடிதத்துக்குக் காத்திருங்கள்.

கையில் எடுத்துப் பார்ப்பது

விற்பவரிடம் அனுமதி கேட்டு, நெம்புகோலை இறக்கி, அறை காலி என்று விரலால் தடவி உறுதி செய்யுங்கள். பிறகு அடைப்புக் கட்டையை மூடி, கட்டைவிரலால் பின்னோக்கி அழுத்திப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இணைப்பு ஊசிகள் தேய்ந்திருக்கின்றன. அதைச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

அடுத்துக் குழல். பின்பக்கம் சிறு விளக்கு வைத்து வாய்ப்பக்கமிருந்து பாருங்கள். பிறகு திருப்பி வைத்துப் பாருங்கள். முக்கியமான இடங்கள் இரண்டே: அறை முடிந்து புரி தொடங்கும் முதல் ஒன்றிரண்டு அங்குலம், வாய்க்கு முந்தைய கடைசி மூன்று நான்கு அங்குலம். மருந்தைப் பற்றவைக்கும் பழைய காலத்துப் பிரைமர்களில் இருந்த உப்பும் கருமருந்தின் கசடும் துடைக்கப்படாமல் கிடந்து அரித்த குழல்கள் ஏராளம். உள்ளே கருத்து, மெல்லிய உறைபனி படர்ந்தாற்போல் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். புரியின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால், அப்படிப்பட்ட குழல் ஈயக்குண்டை நன்றாகவே வீசும். வாயருகே குழிகள் இருந்தால்தான் கவலை. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் அரித்திருந்தாலோ, வாய்ப்பக்கமிருந்து வெறும் கம்பியை விட்டுத் துடைத்துத் துடைத்து வட்டம் கோணியிருந்தாலோ, எந்தத் தோட்டாவும் அதைத் திருத்தாது.

கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். எண்ணெய் தொட்ட துணித்துண்டு ஒன்றைச் சற்று இறுக்கமாகக் கம்பியில் மாட்டி, மெதுவாக முழுக் குழலையும் தள்ளுங்கள். தள்ளும் கைக்கு ஒரே சீரான எதிர்ப்பு வர வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று இலகுவாகி மீண்டும் இறுகினால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. அந்த உப்பல் பெரும்பாலும் வளையமாக இருக்கும். அறையின் கழுத்துப்பகுதியில் இருந்தால் சுட்ட கேஸ் மேலும் அதன் தடம் பதியும், கேஸ் வெளியே வர அடம்பிடிக்கும். வளையம் எப்படி உண்டாகிறது என்பதை மருந்து பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

விசையை, அறை காலியாக இருக்கும்போது மட்டும், இரண்டு நிலையிலும் சோதியுங்கள். முன்விசையைத் தயார்நிலைக்குத் தள்ளிய பிறகு துப்பாக்கியின் அடிப்பகுதியைக் கையால் தட்டினால் குதிரை விழக்கூடாது. அடிக்கும் ஊசி வரும் துளையைப் பாருங்கள்: அகன்று, ஓரம் பொரிந்திருந்தால் பிரைமர் உலோகம் அதற்குள் பிதுங்கும். நல்ல கைவினைஞர் அதற்குப் புதிய உருக்குத் துண்டு வைத்துச் சிறிய துளை போட்டுத் தருவார். கருமருந்துக் காலத்து ஊசிகள் தடியாக இருந்ததால் இந்த வேலை பல துப்பாக்கிகளுக்குத் தேவைப்படுகிறது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் அறியாத கை உள்ளே போயிருக்கிறது. எண்கோணக் குழலின் விளிம்புகள் மழுங்கி எழுத்துகள் மங்கியிருந்தால் பாலிஷ் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். அழகுக்கேடு, ஆனால் ஆபத்தில்லை. உடலை நெருப்பில் காய்ச்சி வண்ணம் ஏற்றியிருந்தால் அது ஆபத்து. உருக்கின் பதம் போயிருக்கும். அதைத் தொட வேண்டாம்.

பொய்வாய் தொலைந்த போப் குழலின் விலை குறையும். பொய்வாய் அந்தக் குழலுக்கு மட்டுமே பொருந்துவது, வேறொன்று செய்ய இயலாது. சுடுவதற்கு அது இல்லாமலும் முடியும், பின்பக்கமிருந்தே குண்டைப் புரிக்குள் ஏற்றலாம். சேகரிப்பாளர் ஒதுக்கும் துப்பாக்கி, சுடுபவருக்கு அதிர்ஷ்டம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவற்றை 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது. ஆகவே அவற்றைக் கைமாற்றும் விதிகள் இலகுவானவை. அதற்குப் பின் செய்யப்பட்டவை மற்றத் துப்பாக்கிகளைப் போலத்தான். மாநிலச் சட்டங்கள் தனி. தமிழ் வாசகர்கள் பலர் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பார்கள்: அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வாங்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இனி வரும் பகுதியை அங்குள்ளவர்கள் படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்த வேண்டும்.

அளவெடுப்பது

துப்பாக்கி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அறையின் வார்ப்பு எடுப்பது. செரோசேஃப் என்ற கலப்பு உலோகம் விற்கிறது. ஏறக்குறைய 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிநீர்ச் சூடுகூடத் தேவையில்லை. அறையை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். அறைக்குச் சற்று முன்னால், குழலுக்குள் ஒரு துணியடைப்பு வையுங்கள், புரி தொடங்கும் இடமும் வார்ப்பில் பதியும்படி. அடைப்புக் கட்டையைக் கழற்றிவிட்டு, உலோகத்தைச் சிறு புனல் வழியாக ஊற்றுங்கள். உடலுக்குள் வழிந்து திருகிடுக்கில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுகியதும் முதலில் அது சுருங்கும். அந்த அரைமணி நேரத்துக்குள் வாய்ப்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளி எடுத்துவிட வேண்டும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது அது அறையின் அளவுக்கே திரும்பி வந்திருக்கும். அப்போது மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள். நாள்கணக்கில் விட்டால் மேலும் விரிந்து பொய் சொல்லும்.

வார்ப்பைக் கையில் திருப்பிப் பார்க்கும்போது பல விஷயங்கள் தெரியும். கழுத்து எங்கே முடிகிறது, புரி எவ்வளவு சாய்வாகத் தொடங்குகிறது, யாராவது அறையை நீட்டி வெட்டியிருக்கிறார்களா, வளையம் உண்டா. பொறித்திருக்கும் பெயருக்கு மாறான அறை இருந்தால் இங்கே பிடிபடும். அது ஒன்றுக்காகவே இந்த வேலையைத் தவிர்க்கக்கூடாது.

அடுத்துக் குழலின் உள்விட்டம். தூண்டிலில் கட்டும் தூய ஈயக் குண்டு, குழலைவிடச் சற்றுப் பெரியது, எண்ணெய் தடவி உள்ளே அடித்து ஏற்றி, முழு நீளமும் தள்ளி எடுங்கள். பள்ளங்களின் பதிவு ஈயத்தில் மேடாக இருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே அளப்பதுதான் பள்ள விட்டம். .32-40க்கு இது .320, .321 அங்குலம் இருக்க வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. பழைய குழல்களில் அதற்கு மேலும் கீழும் வரும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஐடியல் நிறுவனமும், 1925இல் அதை வாங்கிய லைமனும் செய்த அச்சுகளின் எண்ணில் முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டத்தைக் குறிக்கும். 319 என்று தொடங்கும் அச்சை ".32-40 அச்சு" என்று வாங்கி வந்தால், .322 உள்ள குழலில் அந்தக் குண்டு புரியை முழுமையாகப் பிடிக்காது. வாயு பக்கமாகக் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசும். உங்கள் பள்ள விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு அங்குலம் அதிகமான குண்டு வேண்டும். அச்சு செய்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது அளவு முறுக்கு. இறுக்கமான துணியோடு, கைப்பிடி தானாகச் சுழலும் கம்பியை உள்ளே தள்ளி, அது ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறது என்று குறியுங்கள். .32-40க்கு வழக்கம் 16. இதிலிருந்து குண்டின் நீளத்துக்கு ஒரு வரம்பு வருகிறது. கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயரின் பழைய கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, முறுக்கால் வகுக்க வேண்டும். .32ஐ .32ஆல் பெருக்கினால் .1024, 150ஆல் பெருக்கினால் 15.36, 16ஆல் வகுத்தால் 0.96 அங்குலம். அதைவிட நீண்ட குண்டு இந்தக் குழலில் தள்ளாடும், அட்டையில் ஓட்டை நீள்வட்டமாக விழும். எடையில் சொன்னால் ஏறக்குறைய 190 கிரெய்ன் வரை நிம்மதியாகப் போகலாம். 200ஐ நெருங்கும் குண்டுகளைச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கனத்த குண்டு காற்றை நன்றாகத் தாங்கும் என்பதால் எல்லோரும் அந்த எல்லைக்கு ஓடுவார்கள். குளிர்ந்த காலையில் காற்று அடர்ந்திருக்கும்போது அந்த எல்லை இன்னும் கொஞ்சம் சுருங்கும். ஆகவே சிறிது உள்ளேயே நில்லுங்கள்.

குண்டு வார்ப்பது

ஈயம் இருபத்தைந்து பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். இருபதுக்கு ஒன்றும் முப்பதுக்கு ஒன்றும் பழைய வழக்கங்களே. பழைய குழல்களின் உருக்கு மென்மையானது. செம்புக் கவசம் போட்ட நவீனக் குண்டுகள் அதை விரைவில் தேய்க்கும். கார்ச் சக்கர எடைக்கட்டிகளைப் பொறுக்கி உருக்குவது சிக்கனம் போலத் தெரியும், ஆனால் இப்போதைய கட்டிகளில் துத்தநாகம் கலந்துவிடுகிறது. ஒரு சிறு துண்டு விழுந்தாலும் முழுப் பானையும் கெட்டு, குண்டின் ஓரங்கள் நிரம்பாமல் வரும். அறிந்த இடத்தில், கலப்பு விகிதம் எழுதிய கட்டியாக வாங்குங்கள்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். 370 முதல் 400 டிகிரிவரை வைத்து வார்த்தால் நன்றாக நிரம்பும். காற்றோட்டமுள்ள இடம், கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி கட்டாயம். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நீராவி வெடித்துப் பானையைத் தெறிக்கவிடும். ஈரமான கட்டியையும், வியர்வை சொட்டும் நெற்றியையும் பானையிலிருந்து தள்ளி வையுங்கள். முடிந்ததும் கையை, முகத்தைக் கழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுச் சமையலறையில் இந்த வேலை கூடவே கூடாது.

அச்சு சூடாகும்வரை வரும் குண்டுகள் சுருங்கியிருக்கும். அவற்றைப் பானையிலேயே திருப்பிப் போடுங்கள். பிறகு ஒரே தாளத்தில் வார்க்க வேண்டும்: ஊற்றுவது, மேல்தகட்டில் குளம்போல் நின்ற ஈயம் இறுகும்வரை காத்திருப்பது, தகட்டை வெட்டுவது, திறப்பது. தாளம் மாறினால் எடை மாறும். குண்டின் அடிவிளிம்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வட்டம் கூர்மையாக, எங்கும் உருளாமல் இருக்க வேண்டும். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் வாயு தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அங்கே ஒரு சிறு குறை இருந்தால் குண்டு பக்கமாகப் போகும். மூக்கில் சிறு சுருக்கம் இருந்தால்கூட மன்னிக்கலாம், அடியில் இருந்தால் மன்னிக்கக்கூடாது. ஆறிய பிறகு எடைபோட்டு, அரை கிரெய்னுக்குள் அடங்குபவற்றை ஒரு குவியலாக வையுங்கள்.

மசகுக்குத் தேன்மெழுகோடு ஆட்டுக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ கலந்தது போதும். போப் தம் மசகில் ஆட்டுக்கொழுப்பு, மெழுகு, நீராவி எந்திர எண்ணெய், கிராஃபைட் சேர்த்தார். கருமருந்து சுடுவதானால் மசகு மென்மையாக, நிறைய இருக்க வேண்டும். புகையிலா மருந்துக்குச் சற்று உறுதியானது நல்லது.

கேஸ், பிரைமர், மருந்து

.32-40 கேஸ் எளிதில் கிடைப்பதில்லை. .30-30 கேஸின் வாயை விரித்து இதற்குப் பயன்படுத்தலாம். அடிப்பகுதி ஒரே குடும்பம். ஆனால் .32-40இன் நீளம் 2.130 அங்குலம், .30-30 வெறும் 2.039தான். இந்தக் குறை அறையின் கழுத்தில் ஒரு இடைவெளியாக நிற்கும். அங்கே மென்மையான ஈயம் விரிந்து, கருகிய கசடு வளையமாகச் சேரும். .38-55இலும் அப்படித்தான்: பழைய கேஸ் ஏறக்குறைய 2.125, இன்று விற்பவை பல 2.080. உங்கள் அறைவார்ப்பில் அளந்த நீளத்துக்குச் சரியான கேஸைக் கொஞ்சம் அதிக விலை கொடுத்தாவது தேடி வாங்குங்கள். மிகக் குறைவாகவே தேவைப்படும் என்பதுதான் இந்தத் துப்பாக்கியின் சலுகை.

ஏனென்றால் ஷூட்ஸன் முறையில் குண்டு கேஸில் உட்காருவதே இல்லை. ஒரு சிறு நெம்புகோல் கருவியால் குண்டைப் புரிக்குள் நேராகத் தள்ளி, கேஸின் வாய்க்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுகிறோம். பிறகு மருந்து நிரப்பிய கேஸைச் செருகுகிறோம். கேஸ் அதே அறையில் சுட்டு விரிந்தது. அதைச் சுருக்க வேண்டியதில்லை, விரலால் தள்ளினாலே நுழையும். சுட்டதும் பழைய பிரைமரை எடுத்து, புதியதை வைத்து, மீண்டும் மருந்து. நாள் முழுவதும் ஒரே கேஸ். விளிம்பில் கோடு ஒன்று கீறி, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு மேலே வரும்படி செருகுங்கள். கேஸைக் கேஸோடு ஒப்பிடும் தலைவலி இதில் இல்லை. இந்த வகைத் துப்பாக்கிகளின் கேஸ் பிடுங்கி பலமற்றது. கேஸ் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள், நிறுத்துங்கள்.

கருமருந்து என்றால் ஒரே விதி: கேஸுக்குள் காற்றிடைவெளி இருக்கக்கூடாது. நீண்ட குழாய் வழியாக மெதுவாகக் கொட்டி, அட்டை வைத்துச் சற்று அமுக்குங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஒரே மாதிரித் துடையுங்கள், அல்லது ஒரே மாதிரி ஈரமூச்சு ஊதுங்கள். குழலின் நிலை ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருந்தால்தான் குண்டும் ஒன்றாகப் போகும்.

புகையிலா மருந்தில் விதி தலைகீழ். சிறிய அளவு மருந்து பெரிய கேஸில் பாதிகூட நிரம்பாது. அந்த வெற்றிடம் இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து, மருந்து சிதறாமல் இருக்கட்டும் என்று மருந்தின் மேல் அட்டை ஒன்றை இறக்கி, குண்டுக்கும் அட்டைக்கும் நடுவே இடைவெளி விடும் வழக்கம்தான் எத்தனையோ நல்ல குழல்களைக் கெடுத்தது. அட்டை வேகமெடுத்துப் பாய்ந்து குண்டின் அடியில் மோதும் இடத்தில் அழுத்தம் ஒரு கணம் எகிறி, உருக்கையே வளையமாக உப்பவைக்கும். சார்லி டெல் இதைச் சோதனைகளால் நிறுவி, வேண்டுமென்றே வளையம் உண்டாக்கிக் காட்டினார். அவரும் வெய்ன் ஷ்வார்ட்ஸும் எழுதிய ஷூட்ஸன் ரைஃபிள் நூலை இந்த வழியில் இறங்குபவர் எல்லோரும் படிக்க வேண்டும். மருந்து சிந்தாமலிருக்கக் கேஸின் வாயில், குண்டை ஒட்டியே, மிக மெல்லிய அடைப்பு வைப்பார்கள். அதையும் நம்பகமான நூலில் உள்ளபடிதான் செய்ய வேண்டும்.

இன்னொரு அபாயம் இரட்டை அளவு. ஒரு தடவை போட்டது தெரியாமல் இரண்டாம் தடவையும் மருந்து கொட்டினாலும் கேஸ் வழியாது, வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உயர்சுவர் பலமானதுதான், ஆனாலும் இந்தத் தவறை மன்னிக்கும் உடல் எதுவும் இல்லை. ஒவ்வொரு கேஸிலும் விளக்கு அடித்து உள்ளே பார்த்த பிறகே கையைத் தாழ்த்துங்கள். மருந்து கொட்டும்போது யாரோடும் பேசாதீர்கள்.

ஐ.எம்.ஆர் 4227, அக்யூரேட் 5744 போன்ற மருந்துகள் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. ஆனால் இத்தனை கிரெய்ன் என்று இங்கே எழுதுவதைத் தெரிந்தே தவிர்க்கிறேன். உங்கள் துப்பாக்கியின் உடல் எது, குழலின் விட்டம் என்ன, குண்டின் எடை என்ன என்பதைக் காணாமல் ஒரு எண்ணைத் தருவது பொறுப்பல்ல. லைமனின் வார்ப்புக் குண்டுக் கையேட்டிலும் மருந்து நிறுவனங்கள் வெளியிடும் பட்டியலிலும் உள்ள மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். நூறாண்டுக்கு முந்தைய நூல்களில் உள்ள மருந்தின் பெயரும் இன்றைய டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. புகையிலா மருந்தைச் சிறிது அடியில் போட்டு, மேலே கருமருந்து நிரப்பும் இரட்டை மருந்து முறையைப் பழைய போட்டிக்காரர்கள் விரும்பினார்கள்; அதைப் புதியவர் தொட வேண்டாம். பிரைமர் வகையையும் பட்டியலில் உள்ளபடியே வையுங்கள். இலேசான மருந்துக்குப் பலர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரை விரும்புகிறார்கள். அது உயரம் குறைந்தது, ஆகவே குழியில் ஆழமாக உட்காரும். ஊசி அதை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

களத்தில்

மூன்று குண்டுகளைச் சுட்டு அவை ஒன்றையொன்று தொட்டதும் மகிழ்ந்து அந்தத் தோட்டாவை முடிவு செய்துவிடக்கூடாது. மூன்று தற்செயலாகச் சேரும். பத்துச் சேர்வது அரிது. தாங்குகோலின் மேல் வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: மருந்தின் அளவு, அல்லது உலோகக் கலப்பு, அல்லது குண்டைப் புரிக்குள் நிறுத்தும் ஆழம். இந்த மூன்றாவதை அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். என் அனுபவத்தில் மருந்தைவிட இதுவே அதிகம் பேசும். 1,400 அடி வேகக் குண்டு 200 கஜத்துக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரத்தில் காற்று அதை அங்குலக்கணக்கில் தள்ளும். ஆகவே வழியில் சிறு துணிக்கொடிகளை நட்டு, காற்று ஒரே நிலையில் இருக்கும்போது மட்டும் சுடுங்கள். கொடி மாறும்போது சுட்டுவிட்டுத் தோட்டாவைக் குறைசொல்வது பலருடைய பழக்கம்.

தாளில் குண்டு எங்கே விழுந்தது என்பதோடு, காற்று, வெப்பநிலை, எத்தனையாவது குண்டு, எப்போது துடைத்தீர்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். கருமருந்து சுட்ட நாளில் வீடு திரும்பும் முன்பே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவிவிடுங்கள். பின்பக்கமிருந்து மட்டும் துடையுங்கள், கம்பிக்கு வழிகாட்டி வைத்து. மறுநாள் காலை உலர்ந்த வெள்ளைத் துணி ஒன்றை உள்ளே செலுத்தி எடுங்கள். அதில் பழுப்புக் கறை இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.